நெயில் பாலீஷ் வட்டம் போட்ட ஓட்டைப் பீஸ்

2009-ஆம் ஆண்டின் தொடக்கம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், பெயரைச் சொன்னால் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாத ஒரு சின்னக் கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் இது நடந்தது. நான் அப்போது இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ரொம்பக் குறைவு என்று மனதார நம்பிய காலம்.

கடைசி செமஸ்டரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் குழுவில் நான், ராயக்கோட்டையிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒருவன், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி. ராயக்கோட்டைக்காரன் வீட்டில் தக்காளி போடுகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், கேன்டீனில் கன்னடம் என்று பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பான். சால்டரிங் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிருஷ்ணகிரிக்காரி ரிப்போர்ட் எழுதுவதில் கெட்டிக்காரி, பயப்படுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. புரோகிராம் என் பொறுப்பு. குழுவுக்குத் தலைவி யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் இடம் கொடுத்ததும் இல்லை.

மற்ற குழுக்கள் பெங்களூர் கடைகளில் ரெடிமேடாக ரோபோ வாங்கி வந்தபோது, நாங்கள் மட்டும் நிஜக் கம்பெனியில் நிஜ வேலை செய்யப்போகிறோம் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த வாய்ப்பு என் அப்பா மூலம் வந்தது. அப்பா வேறொரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்குத் தெரிந்த ஒரு குவாலிட்டி இன்ஜினீயரிடம் போய்க் கேட்டு, எங்களுக்கு அனுமதி வாங்கித் தந்தார். வாங்கித் தந்துவிட்டு, “என் பேரைக் கெடுத்துராதம்மா” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

அந்தக் கம்பெனியில் செய்த பொருள், ஜெனரேட்டர்களில் டீசல் வடிகட்டியை மாட்டும் அலுமினிய ஹவுசிங். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்க்கும்போது சில பீஸ்களில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை விழுந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க, பீஸுக்குள் காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் புராஜெக்ட், தொட்டிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர். காற்றை நிரப்பி வால்வை மூடிவிட்டுப் பத்து விநாடி அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தம் இறங்கினால் ஓட்டை, திரையில் சிவப்பு. இறங்காவிட்டால் பச்சை. அவ்வளவுதான்.

இதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது கிராஃபிக்கல் புரோகிராமிங். வரி வரியாக எழுதுகிற வேலை இதில் கிடையாது. திரையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, பக்கத்தில் இன்னொன்றை வைத்து, நடுவில் கலர் கம்பி இழுத்து இணைக்க வேண்டும். கூட்டலுக்கு ஒரு பெட்டி, கிராஃபுக்கு ஒரு பெட்டி. கோலம் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும் என்று நான் கிருஷ்ணகிரிக்காரியிடம் அளந்துவிட்டது நினைவிருக்கிறது. இதில் ஒரு விசேஷமும் உண்டு. ஒரே சட்டத்துக்குள் ஒன்றன் அடியில் ஒன்றாக இரண்டு பக்கங்கள் வைக்கலாம். ‘இப்படி ஆனால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்பதற்காக. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு மேலே இருக்கும் பக்கம் மட்டும்தான் தெரியும். சட்டத்தின் தலையில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

கல்லூரியில் நடந்த முதல் ரிவ்யூவில் மானம் போனது. அழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டப்பா ஒன்றை ராயக்கோட்டைக்காரன் செய்திருந்தான். மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து அது பேசாமல் இருந்துவிட்டது. திரையில் எரர் என்று ஒரு கட்டம் வந்து நின்றது. “இதுதான் உங்க அவுட்புட்டா?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

அடுத்த ரிவ்யூவுக்கு நான் ஒரு வேலை செய்தேன். டப்பா பேசினால் மேல் பக்கம் வேலை செய்யும், உண்மையான அளவு வரும். டப்பா பேசாவிட்டால் அடிப் பக்கம் வேலை செய்யும். அங்கே பகடை படம் போட்ட ஒரு பெட்டியை வைத்தேன். அது தன் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு எண்ணைத் துப்பும். அதைச் சுருக்கி, நல்ல பீஸின் அழுத்தம் போலவே லேசாக ஆடி ஆடிப் போகும் ஒரு கோட்டை வரைய வைத்தேன். டப்பா செத்துப்போனாலும் திரையில் அழகான கிராஃப் ஓடும், கடைசியில் பச்சை எரியும். அன்றைக்கு டப்பா ஒழுங்காகவே பேசியது. பாராட்டும் கிடைத்தது. பகடை அடிப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முக்கால் உண்மை. இருந்துவிட்டுப் போகட்டும், வைவா என்கிற கடைசி வாய்மொழித் தேர்வுக்கும் உதவும் என்று நினைத்தது மீதிக் கால்.

கம்பெனிக்குக் கொண்டுபோனோம். லீக் டெஸ்ட் மேஜையில் வேலை பார்த்தவள் என் வயதுப் பெண். உத்தனப்பள்ளி பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு கான்ட்ராக்டில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நீல ஓவர்கோட், தலையில் தொப்பி, பேச்சு குறைவு. என்னை முதல் நாளிலிருந்தே மேடம் என்றுதான் கூப்பிட்டாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். சோதித்துப் பாஸ் ஆன ஒவ்வொரு பீஸிலும், சோதித்தவர் தன் நம்பரைச் சுத்தியால் தட்டிப் பதிக்க வேண்டும். அவள் நம்பர் இருபத்து மூன்று. அந்த மாதக் கடைசியில் சிலரை கான்ட்ராக்டிலிருந்து கம்பெனி ரோலுக்கு எடுக்கப்போகிறார்கள், அந்த லிஸ்டில் அவள் பெயரும் இருக்கிறது என்று மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் தெரியும். ரோலுக்கு வந்துவிட்டால் வேலை நிரந்தரம். தங்கையைப் படிக்க வைக்கலாம் என்று ஒரு நாள் அவளே சொன்னாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மேஜைக்கு அடியில் பனியன் துணியில் சுற்றி ஒரு பீஸ் வைத்திருப்பாள். அது ஓட்டைப் பீஸ். ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு நெயில் பாலீஷால் ஒரு வட்டம். ஷிஃப்ட் தொடங்கியதும் முதலில் அதைத்தான் மாட்டுவாள். கரண்ட் போய் வந்தாலும் அதை எடுத்து மாட்டுவாள். அந்த வருடம் கரண்ட் எத்தனை முறை போகும் என்பது தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் இந்தச் சடங்கு நடக்கும். எதற்கு என்று கேட்டேன்.

“கரண்ட்டு போனா கம்ப்ரஸர் நின்னுடும் மேடம். அப்புறம் காத்து சரியா வருதா வரலியான்னு தெரியாது. காத்து வரலைன்னா ஓட்டைப் பீஸும் நல்ல பீஸாட்டம்தான் இக்கும். ஒரு குமிழியும் வராது” என்றாள்.

இது தொட்டிக் காலத்துப் பழக்கம், கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நான் விளக்கினேன். அவள் சரிங்க மேடம் என்று தலையாட்டிவிட்டுத் தன் பழக்கத்தைத் தொடர்ந்தாள்.

முதல் இரண்டு நாள், கம்ப்யூட்டரில் பார்த்த பீஸைத் தொட்டியிலும் முக்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் அதிசயமாகச் சோதனை நேரத்தில் கரண்ட் போகவில்லை, இரண்டும் ஒத்துப்போயின. மூன்றாம் நாள் நான் இன்ஜினீயரிடம் போய், தொட்டி இருந்தால் நேரம் மிச்சமாவதை ரிப்போர்ட்டில் காட்ட முடியாது, தொட்டியை நிறுத்திவிடலாம் என்று கேட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர். யோசித்துவிட்டு, “நம்பலாமாம்மா?” என்றார். நம்பலாம் சார் என்றேன். எவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்று பதினோரு மணிக்குக் கரண்ட் போய், பிறகு வந்தது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்ததால் திரை அணையவில்லை. அதனால் அவளும் அந்த ஒரு முறை ஓட்டைப் பீஸை உடனே மாட்டாமல் வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கொட்டகைக்கு வந்தபோது, அவள் மேஜை முன் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். நெயில் பாலீஷ் பீஸ், பீஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் மாட்டியிருந்தது. திரையில் பச்சை.

“ரெண்டு வாட்டி போட்டுப் பாத்துட்டேன் மேடம். ஓட்டைப் பீஸுக்குப் பச்சை காட்டுது.”

எனக்குச் சுருக்கென்றது. சுற்றி நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, பீஸைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, நானே கிளாம்பை இறுக்கினேன். சிவப்பு எரிந்தது. “பார்த்தீங்களா? கிளாம்ப் சரியா உக்காரல. கையில நல்லா அழுத்திப் போடுங்க” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அவள் முகம் சுண்டிவிட்டது. தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். கரண்ட் வந்ததற்கும் அவள் ஓட்டைப் பீஸை மாட்டியதற்கும் நடுவில் சோதித்தவை எல்லாம் தட்டில் அடுக்கியிருந்தன. அவற்றைத் திரும்பப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். தேவையில்லை என்றேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் ஜெனரேட்டர் செய்யும் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. மூன்று ஹவுசிங் ஒழுகுகிறது. மூன்றிலும் பதித்த நம்பர் இருபத்து மூன்று.

இன்ஜினீயர் அந்த மூன்று பீஸையும் மேஜையில் டொக் டொக்கென்று வைத்தார். கொட்டகை முழுக்க மெஷின்களை நிறுத்திவிட்டுப் பார்த்தது. “கண்ண மூடிட்டு வேல பாக்கியா நீ? சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா? உன் பேர லிஸ்டுல நான் எழுதிக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்” என்று ஏசினார். அவள் தலை நிமிரவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். இப்போது வாயைத் திறந்து, ‘கம்ப்யூட்டர்தான் பச்சை காட்டியது, அதைக்கூட நான் இந்த மேடத்திடம் அன்றைக்கே சொன்னேன்’ என்று அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. “கிளாம்பு சரியா போடலீங்க சார்” என்றாள்.

நான் சொன்ன காரணத்தையே அவள் தன் குற்றமாகச் சொல்லிவிட்டாள். அன்று மத்திகிரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே கல்லூரி லேபுக்குப் போனேன். புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு வந்தபோது அம்புக்குறியைத் தட்டினேன். பகடை.

பார்த்ததும் முழுக் கதையும் விளங்கிவிட்டது. கரண்ட் போனபோது கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தது, அழுத்தம் அளக்கும் டப்பாவுக்கு இல்லை. டப்பா ஒரு தடவை செத்துப் பிழைத்தால், புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிடும் வரை இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதுவரைக்கும் திரையில் ஓடியது பகடை வரைந்த கோடு. எந்தப் பீஸை மாட்டினாலும் பச்சை. மாட்டாமலே இருந்தாலும் பச்சை. நான் புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டதால்தான் அன்று சிவப்பு வந்தது. கிளாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை அது. கிருஷ்ணகிரிக்காரி பஸ் இறங்கி வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டு, தானும் உட்கார்ந்துவிட்டாள். வைவாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான். கம்பெனியிலிருந்து புராஜெக்ட் செய்ததற்கான கடிதம் வராவிட்டால் மூன்று பேருக்கும் டிகிரி தள்ளிப்போகும். பகடையை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் சரியான புரோகிராமைப் போட்டுவிடலாம், இனிமேல் தப்பு வராது இல்லையா என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான்.

ராயக்கோட்டைக்காரன் கடைசியாக வந்தான். ரயில் லேட். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டப்பாவுக்கும் யு.பி.எஸ். கொடுத்திருக்க வேண்டும், அது தன் தப்பு என்றான். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்.

“எங்க நாயனா தக்காளிப் பெட்டில அடியில அழுகலு வெச்சு மேல நல்லது அடுக்கமாட்டாரு. மார்க்கெட்ல பாதிப் பேரு செய்றாங்க. இவரு செய்யமாட்டாரு. அதனாலயே வூட்ல தினம் சண்டை” என்றான். “நம்ம புரோகிராம்ல அடியில அதான இக்குது. நீ என்ன சொல்றியோ அதுக்கு நான் வரேன். ஆனா போறதா இருந்தா மூணு பேரும் போலாம்.”

மூன்று பேரும் போனோம். இன்ஜினீயர் அறையில் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. லேப்டாப் எங்களிடம் கிடையாது. அதனால் சட்டத்தின் இரண்டு பக்கங்களையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேஜையில் விரித்து, பகடையைத் தொட்டுக் காட்டி, இது எதற்காக வைத்தேன் என்பதையும் சொன்னேன். சிரித்த ஆசிரியர்கள், சுட்ட காது, எல்லாம். அந்தப் பெண் மூன்றாம் நாளே ஓட்டைப் பீஸைக் காட்டிச் சொன்னாள், நான்தான் அவள் கை மேல் பழி போட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர் இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அந்தப் பிள்ளைய நாலு பேரு முன்னாடி ஏசிட்டேனேம்மா” என்றார். அப்புறம்தான் கோபம் வந்தது. எங்கள் ஐ.டி. கார்டுகளை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். உங்கள் கம்ப்யூட்டர் சோதித்த ஒவ்வொரு பீஸும், இங்கே ஸ்டோரில் இருப்பதும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருவதும், மறுபடி தொட்டியில் முக்கிப் பார்க்கப்பட வேண்டும். அதை நீங்கள் மூன்று பேர்தான் செய்ய வேண்டும். முடித்துவிட்டு வாருங்கள், கடிதம் கொடுப்பதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம் என்றார். எங்களை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். ஏசியது எத்தனை பேர் முன்னாலோ அத்தனை பேர் முன்னால் நின்று, தப்பு அந்தப் பெண் மேல் இல்லை, நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்றார். அப்படி ஒரு மனிதரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

நாலு நாள் தொட்டி வேலை. ஓசூர்க் குளிரில் காலை எட்டு மணிக்கு அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை ஏறும். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துப்போயிற்று. அவள் எங்களுக்குப் பக்கத்தில் நின்று, பீஸை எந்தப் பக்கம் சாய்த்தால் குமிழி ஒளிந்துகொள்ளாமல் வெளியே வரும் என்று காட்டினாள். ஒழுகியவை மொத்தம் ஒன்பது. கடைசியாக ஒன்று அகப்பட்டபோது ராயக்கோட்டைக்காரன் தெலுங்கில் ஏதோ சொல்ல, அவளும் தெலுங்கில் பதில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு மட்டும் புரியவில்லை. என்னைப் பற்றித்தான் இருக்கும். கேட்கவில்லை.

இரண்டாம் நாள் டீ நேரத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததையும் கேட்டேன். அன்றைக்கு இன்ஜினீயரிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா?

அவள் டீயை ஊதிக்கொண்டே யோசித்தாள். “இல்லீங்க. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னதுக்கப்புறம் நான்தான் தப்பா போட்டுட்டேன்னு நெசமாவே நெனச்சுட்டேன். அன்னைக்கு வூட்டுக்குப் போயிக்கூட கைய இப்பிடி அப்பிடி திருப்பிப் பாத்துக்கினு இருந்தேன், மூணு வருசமா இதே கைலதான போட்டேன்னு” என்றாள்.

அவள் என்னைக் காப்பாற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் கண்ணால் பார்த்ததை, தன் கை மூன்று வருடமாக அறிந்ததை, நான் சத்தமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் சந்தேகப்பட்டிருக்கிறாள். நான் செய்ததில் பகடையைவிடப் பெரிய தப்பு அதுதான் என்று டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடம் என்று கூப்பிடாதே, ஒரே வயதுதானே என்றேன். “சரிங்க மேடம்” என்றாள். இந்த முறை வேண்டுமென்றே சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தொட்டி வேலை முடிந்ததும் இன்ஜினீயர் ஐ.டி. கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, புரோகிராமை முதலிலிருந்து போடுங்கள் என்றார். “இந்தத் தடவ நீங்க மூணு பேரு இல்ல, நாலு பேரு. அந்தப் பிள்ளையும் உக்காரும்” என்றார்.

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கம்பி இழுத்து இணைப்பதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். எழுத்து வரிகளாக இருந்திருந்தால் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இங்கிலீஷ் நின்றிருக்கும். இது படம் என்பதால், “இங்கேர்ந்து வர்ற காத்தோட அளவு இந்த ஓயர்ல போவுது, சரி. இது அந்துபோனா எங்க போவும்?” என்று நேராகக் கேட்டாள். நான் பல மாதம் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. ஒவ்வொரு சட்டத்துக்கும் அம்புக்குறியைத் தட்டச் சொல்லி, அடிப் பக்கத்தையும் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போகவிட்டாள்.

புதிய புரோகிராமில் அவளுடைய பழக்கத்தையே முதல் படியாக வைத்தோம். ஷிஃப்ட் தொடங்கினாலும், கரண்ட் போய் வந்தாலும், டப்பா ஒரு விநாடி பேசாமல் போனாலும் திரை சிவப்பாகி மெஷின் பூட்டிக்கொள்ளும். நெயில் பாலீஷ் பீஸை மாட்டி, அதற்குச் சிவப்பு எரிந்தால்தான் பூட்டுத் திறக்கும். ஓட்டையை ஓட்டை என்று சொல்லத் தெரிந்த பிறகுதான், நல்லதை நல்லது என்று சொல்ல அந்த மெஷினுக்கு அனுமதி. ராயக்கோட்டைக்காரன் டப்பாவுக்கும் யு.பி.எஸ். இணைப்புக் கொடுத்தான். கிருஷ்ணகிரிக்காரி ரிப்போர்ட்டில் ‘நாங்கள் செய்த தவறு’ என்று தனியாக ஓர் அத்தியாயம் எழுதினாள். பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்திருந்தவள் அதில் ஒரு வார்த்தையைக்கூட மழுப்பவில்லை.

முதல் நாள் ஓட்டத்தின்போது பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. கொட்டகையே திரும்பிப் பார்த்தது. கரண்ட் வந்தது, திரை சிவந்தது, பூட்டிக்கொண்டது. அவள் மேஜைக்கு அடியில் கையை விட்டு, துணியைப் பிரித்து, ஓட்டைப் பீஸை மாட்டி வால்வைத் திருப்பினாள். பத்து விநாடி. சிவப்பு எரிந்தது. வாழ்க்கையில் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவள் அடுத்த பீஸை எடுத்து மாட்டினாள், பச்சை வந்தது, சுத்தியை எடுத்து இருபத்து மூன்று என்று தட்டினாள்.

மாதக் கடைசியில் லிஸ்ட் வந்தது. நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கூட்டம். ராயக்கோட்டைக்காரன் உயரமானவன் என்பதால் அவன்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் படித்தான். அவள் பெயர் இருந்தது. அவள் உடனே நம்பவில்லை. கூட்டம் கலைந்த பிறகு போய், விரலை வைத்துத் தன் பெயரைத் தானே படித்துக்கொண்டு வந்தாள்.

வைவாவில் பரிசு ஒரு ரெடிமேட் ரோபோவுக்குப் போனது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் ரிப்போர்ட்டில் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் உட்கார்ந்து முழுதாகப் படித்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், பாஸ் என்று எழுதி, ரிப்போர்ட்டை மூடி என் கையில் கொடுத்தார். வீட்டில் அப்பாவிடம் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். பேரைக் கெடுத்துவிட்டேன் என்றேன். அந்த இன்ஜினீயர் தன்னிடம் ஏற்கெனவே பேசிவிட்டார் என்று மட்டும் சொன்னார். என்ன பேசினார் என்று இன்று வரை சொல்லவில்லை.

இப்போது நான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இதே வேலைதான் செய்கிறேன், சோதனை மெஷின்களுக்குப் புரோகிராம் போடும் வேலை. என் மேஜையில் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது, சிவப்பு வட்டத்தோடு. ஓசூர் கம்பெனியில் புராஜெக்ட் முடித்துக் கிளம்பிய அன்று அவள் கொடுத்தது. அவளே இன்னொரு பீஸில் ஓட்டை போட்டு, புதிதாக நெயில் பாலீஷ் பூசியது. புதிதாகச் சேருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். கதையைச் சொல்வேன், பகடையைச் சேர்த்தே சொல்வேன். ஒவ்வொரு மெஷினையும் ஒப்படைக்கும் அன்று, அதில் நாள் முழுக்க நிற்கப்போகிறவரை உட்கார வைத்து, இதில் எது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன்.

பச்சை விளக்கு எரிந்தால் எனக்கு இப்போதும் உடனே சந்தோஷம் வருவதில்லை. அதே மெஷின் ஓட்டைப் பீஸுக்குச் சிவப்பு காட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வருகிறது, அப்போதெல்லாம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.